மேம்பாட்டை நிர்ணயிப்பவர் யார்? கைத்தொலைபேசிச் செயலிக் கருவிகளின் ‘திறந்த’ தன்மை பற்றிய ஒரு மறுநோக்கு

அண்மைக் காலமாக எமது பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளிலே ஒரு கருத்து மறுப்பின்றி நிலைபெற்று வருகின்றது. கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குதற்குப் பயன்படும் முதன்மையான கருவிகள் இன்று திறந்த மூல மென்பொருள்களாகிவிட்டன. ஆதலால் அவை எல்லோருக்கும் உரியன. அவற்றிற் காணப்படும் குறைகள் அடுத்த பதிப்பிலோ அதற்கடுத்த பதிப்பிலோ தீர்ந்துவிடும். நாம் செய்யவேண்டியது அவற்றைக் கற்றுக்கொண்டு காத்திருப்பதே என்பது அக்கருத்தின் சாரமாகும். இதனை மாணவர் சொல்லும்போது அஃது இளமையின் நம்பிக்கை என்று விட்டுவிடலாம். விரிவுரையாளர் சொல்லும்போதும், பாடத்திட்டக் குழுவின் முன் வைக்கப்படும் ஆவணத்தில் அது வாதமாக இடம்பெறும்போதும் மறுமொழி கூறாதிருத்தல் புலமை நேர்மைக்குப் பொருந்தாது.

எனது துறையிலே அத்தகைய ஆவணமொன்று இப்பொழுது பரிசீலனையில் உள்ளது. கைத்தொலைபேசிக் கணிமை பற்றிய பொதுப்பாடத்தை நீக்கி, ஒரு நிறுவனத்தின் கருவியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடமொன்றை அதனிடத்தில் வைக்கவேண்டும் என்பது முன்மொழிவு. அதற்கு ஆதாரமாக அக்கருவியில் ‘வரவிருக்கும் மேம்பாடுகள்’ இரண்டு பக்கங்களில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முன்மொழிந்தவர் எனது மதிப்புக்குரிய நண்பர். அவருடைய உழைப்பிலும் நோக்கத்திலும் எனக்கு ஐயமில்லை. எனினும், இன்னும் வராத ஒன்றைச் சான்றாகக் காட்டிப் பாடத்திட்டம் வகுக்கும் வழக்கம் வேறெந்தத் துறையிலாவது உண்டா என்று அவரை வினவ விரும்புகின்றேன். வருங்காலத்தில் வெளிவரவிருக்கும் நாவல்களை நம்பித் தமிழ்த்துறையினர் நவீன இலக்கியப் பாடம் வகுப்பதில்லை.

மேம்பாடுகள் பொய்யென்று நான் கூறவரவில்லை. அவ்வாறு கூறுவோரும் எம்மிடையே உளர். பெருநிறுவனம் தருவது எதுவாயினும் அது வஞ்சகமே என்று முடிவுகட்டிவிட்டுப் பின்னர் அதனைப் படிக்காமலே இருப்பவர்கள் அவர்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேம்பாடுகள் உண்மையானவை, சில மிகச் சிறந்த பொறியியற் சாதனைகள்.

ரியாக்ட் நேட்டிவ் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். பேஸ்புக் நிறுவனம் 2015 மார்ச் மாதத்தில் அதனைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் பழைய கட்டமைப்பிலே செயலியின் தருக்கம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒருபுறம் இயங்கும். திரையில் தோன்றும் பொத்தான்களும் பட்டியல்களும் தொலைபேசியின் இயல்பான கூறுகளாக மறுபுறம் இயங்கும். இரண்டுக்குமிடையில் ‘பாலம்’ ஒன்று இருக்கும். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு செய்தியும் எழுத்துவடிவப் பொதியாகக் கட்டப்பட்டு, வரிசையில் நின்று, மறுகரையில் அவிழ்க்கப்படவேண்டும். நீண்ட பட்டியலொன்றை விரலால் விரைவாக உருட்டினால் பாலத்தில் நெரிசல் ஏற்படும்; பட்டியலின் கீழ்ப்பகுதி ஒருகணம் வெறுமையாய் வந்து நிற்கும். புதிய கட்டமைப்பு அந்தப் பாலத்தையே அகற்றி, ஒரு புறத்திலுள்ள நிரல் மறுபுறத்திலுள்ள பொருளை நேரடியாகவே தொட்டுப் பேச வழிசெய்தது. இது வெறும் அலங்கார மாற்றமன்று. அடித்தளத்தையே மாற்றியமைத்த வேலை.

ஆனால் காலக்கணக்கை நோக்குக. மறுகட்டமைப்புப் பற்றிய அறிவிப்பு வெளியானது 2018 யூன் மாதத்தில். அஃது இயல்புநிலையாக்கப்பட்டது 2024 ஒக்ரோபரில் வெளிவந்த 0.76 பதிப்பில். இடையே ஆறாண்டுகள். எமது சிறப்புப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். ‘வரவிருக்கின்றது’ என்று முதலாம் வருடத்தில் கேட்ட மாணவன் பட்டமளிப்பு விழா முடிந்து வேலைதேடித் திரியும் காலத்திலும் அதே சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தான். வந்தபின் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. 2025 ஒக்ரோபரின் 0.82 பதிப்போடு பழைய கட்டமைப்பில் இயங்கும் தெரிவே இல்லாதொழிந்தது. ஓய்வுநேரத்தில் எவரோ எழுதிவைத்த சிறு துணைநிரல்கள், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டமையாற் புதிய அமைப்புக்கு மாற்றப்படாமற் கிடந்தவை, அவற்றை நம்பியிருந்த செயலிகளையும் தம்மோடு பழைய பதிப்பிலே கட்டிப்போட்டன. மேம்பாடு என்பது சிலரை முன்னே கொண்டுசெல்லும் அதே அசைவில் வேறு சிலரைப் பின்னே விட்டுச்செல்கின்றது. யாரை விட்டுச்செல்வது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே எனது வினா.

கூகிள் நிறுவனத்தின் ஃபிளட்டர் மற்றோர் எடுத்துக்காட்டு. 2018 டிசெம்பரில் முதற்பதிப்பாக வெளிவந்த இக்கருவி தொலைபேசியின் இயல்பான பொத்தான்களைப் பயன்படுத்துவதில்லை; திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகின்றது. ஓர் அசைவூட்டத்தை முதன்முறை காட்டும்போது அதற்கு வேண்டிய வரைநிரலை அந்தக் கணத்திலேயே தொகுக்கவேண்டியிருந்தமையாற் படம் தடக்கித் தடக்கி ஓடிற்று. இதனைப் போக்குவதற்கு ‘இம்பெல்லர்’ என்ற புதிய வரைபொறி எழுதப்பட்டு, வரைநிரல்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டன. 2023 மே மாதத்தின் 3.10 பதிப்பில் ஐபோன்களிலும் 2024 டிசெம்பரின் 3.27 பதிப்பிற் புதிய அன்ரொயிட் தொலைபேசிகளிலும் அஃது இயல்புநிலையாயிற்று. நல்ல வேலை. ஆயினும் இதே கருவியில் 2024 மே மாதம் முன்னோட்டமாகக் காட்டப்பட்ட மற்றொரு மேம்பாடு, டார்ட் மொழியின் ‘மக்ரோ’ வசதி, 2025 சனவரியிற் கைவிடப்பட்டது. ஒரு தடையைத் தீர்க்க மற்றொன்று முளைக்கின்றது என்று காரணங்களை விளக்கியே நிறுத்தினார்கள், அந்நேர்மையைப் பாராட்டவேண்டும். ஆயினும் அதனை எதிர்பார்த்துத் தம் வேலையைத் திட்டமிட்டிருந்தோருக்கு அத்தீர்மானத்தில் வாக்கு இருந்ததில்லை. இருக்கவேண்டும் என்று உரிமப்பத்திரத்தில் எங்கும் எழுதப்பட்டதுமில்லை.

எமது விவாதங்களில் எப்பொழுதும் குழம்பிப்போவது இவ்விடமே. திறந்த மூல உரிமம் தருவது மூன்று: நிரலைப் படிக்கலாம், படியெடுக்கலாம், மாற்றி வெளியிடலாம். அஃது அதிகாரப் பகிர்வு அன்று. எந்த வழு முதலில் திருத்தப்படும், எந்தப் பழைய தொலைபேசி கைவிடப்படும், எந்தக் குழுவிற் பத்துப்பேர் குறைக்கப்படுவர் என்பன நிறுவனத்தினுள்ளே நிர்ணயிக்கப்படுகின்றன. கதவு திறந்திருக்கின்றது, உள்ளே கூட்டம் நடக்கும் அறை பூட்டியிருக்கின்றது. உற்பத்திக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையும் அதன் போக்கைத் தீர்மானிக்கும் உரிமையும் ஒன்றல்ல என்பதை வேறு துறைகளில் ஆண்டுக்கணக்காக எழுதிவந்த நாம், கணினி என்றதும் மறந்துவிடுகின்றோம்.

வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது. நிற்றோபி என்ற சிறு நிறுவனம் ஆக்கிய போன்காப், இணையப் பக்கத்தைச் செயலியாக மாற்றும் வழியைப் பலருக்கும் முதன்முதற் காட்டியது. 2011 இல் அடோபி அதனை வாங்கியது. 2020 இல் போன்காப்புக்கான தன் முதலீட்டை நிறுத்தியது. மொனோ என்னும் திறந்த மூலத் திட்டத்தில் உழைத்தோர் 2011 இல் நிறுவிய ஸமரின் நிறுவனத்தை மைக்ரோசொவ்ற் 2016 இல் வாங்கியது. அவ்வாண்டே கருவியைத் திறந்த மூலமாக்கியது. அப்போது எழுந்த ஆரவாரம் எனக்கு நினைவிருக்கின்றது. 2024 மே 1 ஆம் திகதியோடு ஸமரினுக்கான ஆதரவு முடிவுற்றது. மாற்றாக வேறொரு கருவியை அந்நிறுவனம் தந்தது உண்மை. ஆனால் மாறிச்செல்லும் உழைப்பு யாருடையது?

இது வெறுங் கோட்பாட்டுக் கேள்வியன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது மேற்பார்வையில் இரு மாணவியர் தமது இறுதியாண்டுச் செயற்றிட்டமாக மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றுக்குக் கணக்குச் செயலி ஆக்கினர். பிடித்த மீனின் நிறை, விலை, கடன், கழிவு எல்லாம் தமிழில். சங்கத்தின் செயலாளர் கொப்பியை மூடிவைத்துவிட்டு அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவர்கள் பயன்படுத்திய கருவி திறந்த மூலம். அதற்கும் வரவிருக்கும் மேம்பாடுகளின் நீண்ட பட்டியல் இருந்தது. மாணவியர் பட்டம்பெற்று வெளியேறினர். கருவியும் ஓய்வுபெற்றது. புதிய தொலைபேசி வாங்கிய அங்கத்தவர்களுக்குச் செயலி நிறுவப்படவில்லை. செயலாளர் என்னை இரண்டு முறை தேடிவந்தார். மூன்றாம் முறை வரவில்லை. கொப்பிக்குத் திரும்பிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். மாணவியருக்கு நான் அளித்த புள்ளி 78. எனக்கு நானே எவ்வளவு அளிப்பது என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை. ஏனெனில் அக்கருவியைத் தெரிந்துகொடுத்தவன் நான்.

‘மூலநிரல் கையில் இருக்கின்றதே, கிளைபிரித்து நாமே நடத்தலாமே’ என்பர். ஏட்டளவில் இது சரி. 2024 ஒக்ரோபரில் ஃபிளட்டரின் முன்னாட் குழு உறுப்பினரான மற் கரல் என்பவர் இதனையே செய்ய முனைந்தார். அவ்வாண்டின் முற்பகுதியிற் கூகிளில் நிகழ்ந்த ஆட்குறைப்பு ஃபிளட்டர், டார்ட் குழுக்களையும் தொட்டிருந்தது. குழுவில் ஏறத்தாழ 50 பேர் இருக்கலாம், கருவியைப் பயன்படுத்துவோர் பத்து இலட்சம் பேர் இருக்கலாம் என்பது அவரது மதிப்பீடு. ஆயின் ஒருவர் இருபதாயிரம் பேருக்கு ஈடுகொடுக்கவேண்டும். எனவே ‘ஃபிளொக்’ என்ற பெயரில் ஓர் இணைக்கிளையை அவர் அறிவித்தார். மூலக்கருவியை விட்டு விலகுவது அவர் நோக்கமன்று. அதனோடு கூடவே நடந்து, தேங்கிக்கிடக்கும் திருத்தங்களை முன்கூட்டிச் சேர்ப்பதே நோக்கம். அவர் கணக்கைப் பலர் மறுத்தனர். மறுக்கட்டும். உள்ளிருந்து வந்த ஒருவரே முழுமையாகப் பிரிந்து செல்ல முனையவில்லை என்பதே எமக்கு முக்கியம். உலகெங்கும் ஓடும் பரிசோதனைப் பொறிகள், ஒவ்வோராண்டும் மாறும் இரு இயங்குதளங்களோடு ஈடுகொடுக்கும் ஊழியர், இவையின்றிக் கிளை வளராது. கிளைபிரிக்கும் உரிமை ஏட்டில் எல்லோருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தக்கூடியவர் மிகச் சிலர்.

இன்னொரு மறுமொழியும் கூறப்படுகின்றது. ரியாக்ட், ரியாக்ட் நேட்டிவ் இரண்டையும் லினக்ஸ் பவுண்டேசனின் கீழ் அமையும் தனி மன்றமொன்றிடம் ஒப்படைப்பதாக மெற்றா நிறுவனம் 2025 ஒக்ரோபரில் அறிவித்ததைச் சுட்டி, ‘பார், சனநாயகம் வந்துவிட்டது’ என்கின்றனர். இது வரவேற்கத்தக்க நகர்வென்பதில் ஐயமில்லை. ஒருவர் கையிலிருந்தது பலர் கைக்கு மாறுவது முன்னேற்றமே. ஆனால் அப்பலர் யாவர்? அறிவிக்கப்பட்ட தொடக்க உறுப்பினர் பட்டியலில் மெற்றாவோடு அமேசன், மைக்ரோசொவ்ற், வேர்செல், எக்ஸ்போ முதலிய நிறுவனங்களே இருந்தன. பல்கலைக்கழகம் ஒன்றேனும் இல்லை. ஒரு முதலாளியிடமிருந்து முதலாளிகளின் சங்கத்துக்குப் போவதை மக்கள்மயமாதல் என்று எழுத என் பேனா மறுக்கின்றது.

கருவியின் நிலைமை இவ்வாறாக, அக்கருவியால் ஆக்கியதை மற்றொருவர் தொலைபேசியிற் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியும் ஒடுங்கிவருகின்றது. அன்ரொயிட்டின் மூலநிரல் 2008 முதல் வெளியிடப்பட்டு வருவது. ஆயினும் அதன் வளர்ச்சிவேலை முழுவதையும் உள்ளகக் கிளையிலேயே நடத்தி, பதிப்பு முடிந்தபின்னரே நிரலை வெளியிடுவதாகக் கூகிள் 2025 மார்ச்சில் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த அறிவிப்பு இன்னும் பாரதூரமானது. சான்றுபெற்ற அன்ரொயிட் தொலைபேசியில் நிறுவப்படும் எச்செயலியும், கடையின் வழியே வராது நேரே கொடுக்கப்படுவதாயினும், தன்னை அடையாளப்படுத்திப் பதிவுசெய்துகொண்ட ஒருவரால் ஆக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் 2027 முதல் ஏனைய நாடுகளிலும் இதனை நடைமுறைப்படுத்துவதே அறிவிக்கப்பட்ட திட்டம். மோசடிச் செயலிகளைத் தடுப்பது நோக்கமென்று கூறப்பட்டது. மோசடி உண்டு, அதில் அகப்பட்டுப் பணமிழந்தவர்கள் என் உறவினரிலும் உளர். ஆனால் எமது மாணவர் தம் செயலியை நண்பன் தொலைபேசிக்கு நேரே அனுப்பி, ‘மச்சான், திறந்து பார்’ என்று சொல்வதுதான் இந்நாட்டில் மென்பொருட் கல்வியின் முதற்பாடமாக இருந்துவந்தது. அதற்கும் கடல்கடந்த ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும் என்றால், அதற்கடியிலுள்ள நிரல் திறந்ததா மூடியதா என்ற விவாதத்துக்கு என்ன பொருள்? 2010 முதல் திறந்த மூலச் செயலிகளையே விநியோகித்துவரும் எஃப்-டிரொயிட் இதனை வெளிப்படையாக எதிர்த்தது. எதிர்ப்பு வலுத்தபின், அவ்வாண்டு நவம்பரில், மாணவருக்கும் பொழுதுபோக்காக ஆக்குவோருக்கும் தனிவகைக் கணக்கு, அனுபவமுள்ள பயனருக்கு ஆபத்தை ஏற்று நிறுவும் மாற்றுவழி எனத் தளர்வுகள் அறிவிக்கப்பட்டன.

அந்தத் தளர்வு தானாகக் கனிந்ததன்று. 2017 இலும் இவ்வாறே நிகழ்ந்தது. ரியாக்ட்டின் உரிமத்தோடு பேஸ்புக் இணைத்திருந்த காப்புரிமை நிபந்தனையை அப்பாச்சி மன்றம் ஏற்க மறுத்தது. வேர்ட்பிரஸ் அக்கருவியை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. சில வாரங்களில் ரியாக்ட் நிபந்தனையற்ற உரிமத்துக்கு மாற்றப்பட்டது. காத்திருந்தவர்களால் அன்று, கூடிநின்று மறுத்தவர்களாலேயே அது நிகழ்ந்தது.

வளப் பிரச்சினையையும் தொட்டுச்செல்ல வேண்டும். அன்ரொயிட் ஸ்ரூடியோவை அதன் போலித் தொலைபேசியோடு சேர்த்து இயக்க 16 கிகாபைற் நினைவகம் வேண்டுமென அதன் ஆவணம் கூறுகின்றது. எமது மாணவரின் மடிக்கணினிகளிற் பல அதன் பாதியையே கொண்டவை. 2022 மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், ஒரு சிறு மாற்றத்துக்காகக் கருவி நூற்றுக்கணக்கான மெகாபைற் துணைநிரலை மீண்டும் பதிவிறக்கத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு, மின்கலம் தீருமுன் முடியுமா என்று இருந்த மாணவரைக் கண்டிருக்கின்றேன். ஐபோன் செயலியைத் தொகுக்க அப்பிள் கணினி வேண்டும். கடையில் வைக்க ஆண்டுக்கு 99 டொலர் வேண்டும். எந்தத் திறந்த மூலக் கருவியும் இந்தச் சுவரைத் தாண்டியதில்லை.

இனி எமது மொழியோடு நேரடியாகத் தொடர்புடைய விடயத்துக்கு வருவோம். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக இரு குறிகளாகச் சேமிக்கின்றது. திரையிற் காட்டும்போதோ அவ்வுயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்கவேண்டும். இதனைச் செய்யும் அறிவு மென்பொருளில் இல்லையாயின் எழுத்துக் குலையும். அன்ரொயிட்டின் தொடக்ககாலத் தொலைபேசிகளில் தமிழ் வெறும் பெட்டிகளாகத் தோன்றியதை மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார். ஒப்பெரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, எழுத்துக்களைப் படமாக அனுப்புமாறு தெரிவுசெய்து தமிழ்ச் செய்தி வாசித்த தலைமுறை எங்களுடையது. அக்காலத்திலும் அன்ரொயிட் திறந்த மூலமே. நிரல் எல்லோர் முன்னும் விரிந்து கிடந்தது. தமிழ் மட்டும் அதில் இல்லை.

இன்றைய நிலை பெரிதும் திருந்தியுள்ளது. அதற்குப் பெருங்காரணமாயிருந்தது எந்தச் செயலிக் கருவியின் வருங்காலப் பட்டியலுமன்று. அவற்றுக்கெல்லாம் அடியில் இயங்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க நிரலகம். பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற ஈரானிய வமிசத்துக் கனேடியப் பொறியியலாளர் பல்லாண்டு உழைத்து வளர்த்த அந்நிரலகம் இன்று அன்ரொயிட்டிலும், பயர்பொக்ஸ், குரோம் உலாவிகளிலும், ஃபிளட்டரிலும் எழுத்துக்களை அடுக்கித் தருகின்றது. அதன் பெயர் பாரசீக மொழியில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படுமாம். ஃபிளட்டர் திரை முழுவதையும் தானே வரைகின்றது என்று முன்னர் கூறினேன். அதாவது, தொலைபேசி தமிழைச் சரியாகக் காட்டுகின்றது என்பதனால் அக்கருவியும் சரியாகக் காட்டும் என்று கொள்ளமுடியாது. தமிழ் அங்கே தனியாகச் சோதிக்கப்படவேண்டும். யார் சோதிப்பது?

இன்னொரு சிறு சோதனையை மாணவர் எவரும் இன்றே செய்துபார்க்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை டார்ட் மொழியிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ கேட்டால் விடை 5 என்று வரும். அப்பிளின் சுவிப்ட் மொழியிற் கேட்டால் 3 என்று வரும். முன்னவை சேமிப்பு அலகுகளை எண்ணுகின்றன. பின்னது வாசிப்பவன் காணும் எழுத்தை எண்ணுகின்றது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதில் எது சரி என்று தெரியும். டார்ட்டிலும் சரியாக எண்ணுவதற்குத் தனித் துணைநிரல் உண்டு. ஆனால் அது வேண்டும் என்று தெரிந்தவனுக்கே அது பயன்படும். தெரியாதவன் ஆக்கும் செயலியிற் பெயரை இருபது எழுத்துக்குள் எழுதச்சொல்லும் கட்டம் தமிழ்ப்பெயரைப் பாதியில் வெட்டும். சில வேளை புள்ளியை மட்டும் வெட்டி மெய்யை உயிர்மெய்யாக்கும். எமது இலக்கணகாரர் வழு என்று ஒன்றை வகுத்தபோது வழுவமைதி என்று மற்றொன்றையும் வகுத்தனர். மென்பொருளார் வழுக்களையெல்லாம் வழுவமைதியாகவே கொண்டுவிட்டார்கள் போலும்!

இத்தகைய வழுக்கள் பட்டியலின் மேலே ஏறுவது அவற்றால் இடர்ப்படுவோர் எத்தனைபேர் முறையிட்டனர், எவர் திருத்தம் எழுதி அனுப்பினர் என்பதைப் பொறுத்தது. கலிபோர்ணியாவில் இருக்கும் பொறியியலாளருக்குத் தமிழ்மீது பகையில்லை. அவர் கண்ணில் அது படுவதில்லை, அவ்வளவே. படவைக்கவேண்டியவர் நாம். நாமோ அடுத்த பதிப்பில் வரும் என்று காத்திருக்கின்றோம்.

‘எங்களால் என்ன முடியும்’ என்ற தாழ்வுணர்ச்சிக்கு இந்நாட்டில் ஆதாரமில்லை. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் திறந்த மூலமாக வெளியிடப்பட்டுப் பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. திறந்த மூலத் திட்டங்களில் மாணவரை ஈடுபடுத்தும் கூகிளின் கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், 2005 முதல் 2014 வரை, உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் அதிக மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதற்குப் பணம் கொடுத்ததும் அதே கூகிள்தானே என்று நண்பர் கேட்பார். ஆம். அதனாலென்ன? அம்மாணவர் ஒரு கருவியை இயக்கக் கற்றவர்களல்லர். கருவியின் உட்புறத்தைத் திருத்தக் கற்றவர்கள். அவ்வறிவு கருவி ஓய்வுபெற்றபோது ஓய்வுபெறவில்லை.

பல்கலைக்கழகம் ஒரு கருவியின் பாதுகாவலனாகவும் நிற்கக்கூடும் என்பதற்கும் சான்றுண்டு. நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டைகளைப் பொருத்துவதுபோற் செயலி ஆக்க உதவும் அப் இன்வென்ரரைக் கூகிள் 2010 இல் வெளியிட்டது. 2011 இறுதியில் அச்சேவையை மூடிவிட்டது. மூலநிரல் திறந்துவிடப்பட்டமையால் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் அதனைப் பொறுப்பேற்று 2012 இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. உரிமத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் புலனாகின்றது. நிறுவனம் கைவிடும்போது எடுத்துக்கொள்ள ஒருவர் ஆயத்தமாக நின்றால் மாத்திரமே திறந்த மூலம் பொதுச் சொத்தாகின்றது. அந்நிறுவகத்தின் வளம் எமக்கில்லை என்பது மெய். ஒரு கருவி முழுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அதன் தமிழ்ப் பகுதியையும் சிங்களப் பகுதியையும் ஏற்கலாம். அவற்றை ஏற்பதற்கு எம்மைவிட உரியவர் யார்?

ஆகவே பாடத்திட்டக் குழுவின் முன்னுள்ள முன்மொழிவுக்கு எனது திருத்தத்தை எழுத்தில் அளித்துள்ளேன். தலைப்பிலிருந்து கருவியின் பெயர் நீக்கப்படல் வேண்டும். ஆய்வுகூடத்தில் எக்கருவியையும் பயன்படுத்தலாம். நண்பர் விரும்பும் கருவியையே பயன்படுத்தட்டும். ஆனால் பதினைந்து வாரங்களில் நான்கு வாரமேனும் கருவிக்கு அடியிலுள்ளவற்றுக்கு ஒதுக்கப்படல் வேண்டும்: எழுத்து எவ்வாறு திரைக்கு வருகின்றது, நிரல் எவ்வாறு தொகுக்கப்படுகின்றது, உரிமப்பத்திரம் எதைத் தருகின்றது, எதைத் தராது. துணைநிரல்களின் படிகள் துறையின் சேவையகத்தில் வைக்கப்படல் வேண்டும்; மாணவர் அவற்றை ஒவ்வொருமுறையும் கடல்கடந்து அழைக்கவேண்டியதில்லை. புள்ளிகளில் ஒரு பங்கு பொதுக்களஞ்சியமொன்றுக்கு மாணவர் அனுப்பும் திருத்தத்துக்கு, அஃது ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், வழங்கப்படல் வேண்டும். இறுதியாண்டுச் செயற்றிட்டம் வெளியாருக்காக ஆக்கப்படுமாயின், மூன்றாண்டுகளுக்குப் பின் அதனைப் பேணப்போவது யாரென்று முதற்பக்கத்திலேயே எழுதப்படல் வேண்டும்.

நண்பரின் ஆவணம் அடுத்த துறைக்கூட்டத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதன் இரண்டாம் பக்கத்தில், வரவிருப்பதாகக் கூறப்பட்ட மேம்பாடுகளில் ஒன்று இதற்கிடையிற் கைவிடப்பட்டுவிட்டது. அந்த வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு அதே ஆவணத்தையே சமர்ப்பிக்கப்போவதாக அவர் என்னிடம் தெரிவித்தார்.